பழைய டீசல் மகிழுந்தும் புதிய மின்னாக்கியும்

முன்னுரை

தமிழ்த்துறை மலரில் மகிழுந்தின் மின்னாக்கிக்கு என்ன வேலை என்று மாணவச் செல்வங்கள் வினவக்கூடும். வலியறிதல் என ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவப் பெருந்தகை, மயிலின் மெல்லிய இறகுகளைச் சுமக்கும் வண்டிக்கும் ஓர் அளவு உண்டு என்பதை அரசியல் அறமாகவே எடுத்துரைத்தார். எனவே வண்டியும் அதன் அளவும் தமிழ் மாணவர்க்குப் புதிய பொருள்கள் அல்ல. மாட்டுவண்டியின் அச்சுக்குச் சொன்ன அறிவுரை மகிழுந்தின் மின்கம்பிக்கும் பொருந்துமா என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகும் வினா. இவ்வினா எமக்கு எழுந்த இடம் ஆம்பூருக்கும் வேலூருக்கும் இடைப்பட்ட நெடுஞ்சாலை. எழுந்த நேரம் ஒரு மழையிரவு.

நம் பகுதியும் டீசல் மகிழுந்தும்

இங்கிலாந்து நாட்டு மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியை மூலமாகக் கொண்டு, அம்பாசிடர் மகிழுந்து 1957-இல் வங்காளத்து உத்தர்பாராவில் உருவாகத் தொடங்கிற்று. 1980-ஐ ஒட்டி டீசல் எஞ்சின் பொருத்திய அம்பாசிடர் சந்தைக்கு வந்தது. எரிபொருள் செலவு குறைவு, உறுதியான உடல், எந்த ஊரிலும் பழுது பார்க்க ஆள் கிடைக்கும் எளிமை ஆகிய மூன்றும் சேர்ந்து அதனை நம் தோல் வணிகர் இல்லங்களின் வாசலுக்குக் கொண்டுவந்தன. பேரணாம்பட்டிலிருந்தும் வாணியம்பாடியிலிருந்தும் சென்னைப் பெரியமேட்டுக்குத் தோல் மாதிரிகளோடு சென்று திரும்பிய வண்டிகளை மூத்தோர் நன்கு நினைவுகூர்வர். 2014-இல் அம்பாசிடரின் உற்பத்தி நின்றுபோயிற்று. ஆயினும் தந்தையின் நினைவாகவும் தள்ளமுடியாத பழக்கமாகவும் சில இல்லங்களில் அவ்வண்டி இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இவ்வகையில் நம் பகுதிக்கு ஒரு நற்பேறும் உண்டு. கிழக்கே சென்னையை அடுத்த பாடியில், 1961-இல் தோன்றிய லூகாஸ் டிவிஎஸ் நிறுவனம் மகிழுந்துக்கு வேண்டிய மின்கருவிகளைச் செய்கிறது. மேற்கே பெங்களூரில், 1951-இல் தோன்றிய மைக்கோ நிறுவனம் டீசல் பம்புகளைச் செய்து புகழ்பெற்றது. அவ்விரு நகரங்களையும் இணைக்கும் சாலையின் நடுவே நாம் வாழ்கிறோம். 2019-இல் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்து, ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்தில் அடங்கின. மாவட்டம் மாறினும், கடும் நோய் என்றால் நம் மக்கள் வேலூரை நோக்கியே விரைகின்றனர்.

அந்த மழையிரவு

2016-ஆம் ஆண்டின் பருவமழைக் காலம். எம் தங்கைக்குக் குறித்த நாளுக்கு முன்பே பேறுகால வலி கண்டது. இஷாத் தொழுகை முடித்து இல்லம் திரும்பிய எம் தந்தையார், "தாமதம் வேண்டாம், வேலூருக்கே கொண்டுபோங்கள்" என்றார். வாசலில் நின்றது எம் குடும்பத்து டீசல் அம்பாசிடர். அன்று பகல் முழுவதும் குளிர்சாதனம் ஓட, கடைத்தெரு நெரிசலில் ஊர்ந்து திரிந்த வண்டி அது.

மாதனூரைத் தாண்டியபோது முகப்பு விளக்குகள் மஞ்சளாயின. பின்னர்ச் செம்மை பூத்தன. கண்ணாடித் துடைப்பான் பாதி வழியில் நின்றது. ஆனால் எஞ்சினோ சிறிதும் தளராமல் ஓடிக்கொண்டிருந்தது. பெட்ரோல் எஞ்சினில் மின்பொறி இல்லையேல் எரிதல் இல்லை. டீசல் எஞ்சினிலோ காற்றை இறுக்கி அழுத்துவதால் எழும் வெப்பமே எண்ணெயைப் பற்றவைக்கிறது. பழைய டீசல் எஞ்சின்களில் எண்ணெய்ப் பம்பும் எஞ்சினாலேயே சுழற்றப்படுவதால், ஒருமுறை கிளம்பிவிட்டால் மின்சாரம் அற்றுப்போனாலும் அவை நிற்பதில்லை. கால் ஓடுகிறது, கண் தெரியவில்லை என்ற நிலை. பின்னிருக்கையில் தங்கையின் முனகல். முன்னே கனத்த மழை. ஒரு சரக்குந்தின் பின்விளக்கைப் பற்றிக்கொண்டு பள்ளிகொண்டாவை அடைந்தோம். அங்கே தேநீர்க் கடையில் நின்றிருந்த வேன் ஓட்டுநர் ஒருவர், கூலி பேசாமலே தங்கையை ஏற்றிக்கொண்டார். விடியுமுன் பெண் மகவு நலமாகப் பிறந்தது. இறைவனுக்கே புகழ் அனைத்தும்.

அடுத்த வாரமே வண்டியைப் பட்டறை ஒன்றில் விட்டு, அதிலிருந்த 36 ஆம்பியர் ஆல்டர்னேட்டரைக் கழற்றி 65 ஆம்பியர் அளவுடையதைப் பொருத்தச் செய்தோம். குறை தீர்ந்தது என்று எண்ணினோம். பத்து நாட்களில் முகப்புப் பலகையின் பின்னிருந்து கருகல் நாற்றம் எழுந்தது. திறந்து பார்த்தால் ஆம்பியர் மானியின் பின்னே கம்பியின் உறை உருகி வழிந்திருந்தது. இன்னும் சிறிது பொறுத்திருந்தால் வண்டியே எரிந்திருக்கும். அப்போதுதான் ஆம்பூர்க் கடைத்தெருவில் நாற்பதாண்டுக் காலம் இத்தொழில் செய்த முதிய எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் சென்றோம். அவர் ஒரே பார்வையில் சொன்னார்: "ஏரியைப் பெருசாக்கிட்டீங்க சார், வாய்க்கால் பழசாவே இருக்கே." அவர் கற்பித்ததையும், பின்னர் நூல்களில் யாம் ஒப்பிட்டு அறிந்ததையும் இனிக் காண்போம்.

மின்னாக்கி இயங்கும் முறை

காந்தப் புலம் மாறும்போது கம்பிச் சுருளில் மின்சாரம் தோன்றும் என்பதை 1831-இல் மைக்கேல் பாரடே நிறுவினார். டைனமோவும் ஆல்டர்னேட்டரும் அவ்வொரே உண்மையின் இரு வடிவங்கள்.

டைனமோவில் காந்தம் நிற்க, மின்சாரம் தரும் சுருள் சுழலும். தோன்றும் மின்னோட்டம் முழுவதையும் சுழலும் பகுதியிலிருந்து கரித்துண்டுகள் வழியே வெளியே எடுத்தாக வேண்டும். அதனால் பொறி பறக்கும், தேய்வு மிகும், மிக விரைவாகச் சுழற்றவும் இயலாது. எஞ்சின் மெல்ல ஓடும்போது டைனமோ ஏதும் தாராது. பழைய பிரிட்டிஷ் வகை மகிழுந்துகளில் பரவலாக இருந்த டைனமோ ஒன்றின் உச்ச அளவே 22 ஆம்பியர்தான்.

ஆல்டர்னேட்டரில் இது தலைகீழ். காந்தமாகிய சுழலி உள்ளே சுழலும்; மின்சாரம் தரும் சுருள்களைக் கொண்ட நிலையி அசையாது நிற்கும். கரித்துண்டுகள் வழியே செல்வது சுழலியைக் காந்தமாக்கும் சில ஆம்பியர் மட்டுமே. ஆகவே அதனை மிக விரைவாகச் சுழற்றலாம். எஞ்சின் மெல்ல ஓடும்போதும் ஓரளவு மின்சாரம் கிடைக்கும். நிலையியில் தோன்றுவது திசை மாறிமாறி ஓடும் மின்னோட்டம். பேட்டரிக்கு ஒரே திசையில் ஓடும் மின்னோட்டமே ஏற்றது. ஒரு பக்கமாக மட்டும் திறக்கும் கதவுபோல் செயல்படும் டையோடுகள் இம்மாற்றத்தைச் செய்கின்றன. சிறிய, மலிவான சிலிக்கான் டையோடுகள் கிடைக்கத் தொடங்கிய பின்னரே மகிழுந்துகளில் ஆல்டர்னேட்டர் பரவிற்று. அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம் 1960-ஆம் ஆண்டு வேலியன்ட் வண்டியில் அதனை இயல்பான உறுப்பாகவே பொருத்தியது.

இவற்றோடு ரெகுலேட்டர் என்னும் காவலனும் உண்டு. சுழலிக்குச் செல்லும் சிறு மின்னோட்டத்தைக் கூட்டியும் குறைத்தும், வெளிவரும் மின்னழுத்தத்தை ஏறத்தாழ 14 வோல்ட்டில் நிறுத்துவது அதன் பணி.

வரவும் செலவும்

முதியவர் எம்மிடம் முதலில் கேட்டது ஒரு தாளும் எழுதுகோலும்தான். வண்டியில் எரியும், சுழலும் பொருள்களை வரிசையாக எழுதச் சொன்னார். முகப்பு விளக்குகள் இரண்டுக்கு 110 வாட்; பக்க விளக்கு, பின்விளக்கு, எண்பலகை விளக்கு, கருவி விளக்கு எல்லாம் சேர்ந்து 40; துடைப்பானுக்கு 50; காற்றூதும் விசிறிக்கு 100. ஆக 300 வாட். இதனை 13.5 வோல்ட்டால் வகுத்தால் ஏறத்தாழ 22 ஆம்பியர். வண்டி பிறந்தபோது இருந்த செலவு இவ்வளவே. அதற்கு 36 ஆம்பியர் வரவு தாராளம்.

பின்னர் யாம் சேர்த்தவை: மூடுபனி விளக்குகள் இரண்டுக்கு 110 வாட், குளிர்சாதனத்தின் விசிறிக்கும் காந்தப் பிடிப்புக்கும் ஏறத்தாழ 190 வாட். மொத்தம் 600 வாட். அதாவது 44 ஆம்பியர். 36 ஆம்பியர் வரவில் 44 ஆம்பியர் செலவு செய்து, மிகுதியைப் பேட்டரியிடம் கடன் வாங்கிக்கொண்டிருந்தோம். அதுவும் நெடுஞ்சாலையில்தான் இக்கணக்கு. கடைத்தெருவில் எஞ்சின் மெல்ல ஓடும்போது ஆல்டர்னேட்டர் தன் முழு அளவில் பாதியளவே தரும் என்று கொண்டால், கடன் பன்மடங்காகிறது. அன்று பகலெல்லாம் கடனில் ஓடி, முன்பே வறண்டிருந்த பழைய பேட்டரி இரவில் கைவிட்டது.

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் அவர் களைந்தார். டீசல் எஞ்சினைக் கிளப்புவதே பேட்டரியை வற்றச் செய்கிறது என்று பலர் கருதுகின்றனர். செல்ப் மோட்டார் 300 ஆம்பியர் வீதம் 5 நொடி இழுத்தாலும், அதற்குமுன் எஞ்சினைச் சூடேற்றும் ஹீட்டர் பிளக்குகள் 40 ஆம்பியர் வீதம் 20 நொடி எரிந்தாலும், இரண்டும் சேர்ந்த செலவு 0.65 ஆம்பியர் மணிக்கும் குறைவே. 10 ஆம்பியர் மிச்சம் இருந்தால் சில நிமிடங்களில் அது மீண்டுவிடும். ஒரே முறையில் ஆகும் பெருஞ்செலவைவிட, நாள்தோறும் கண்ணுக்குத் தெரியாமல் ஒழுகும் சிறு கடனே குடும்பத்தை அழிக்கும் என்பது வணிகம் அறிந்த நம் பெரியோர்க்கு யாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

பெரியதைப் பொருத்தினால் மட்டும் போதுமா?

65 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் எப்போதும் 65 ஆம்பியரைத் திணித்துக்கொண்டிருக்கும் என்று அஞ்ச வேண்டா. கேட்கும் அளவையே அது தரும். ஆனால் வறண்ட பேட்டரியும் எல்லா விளக்குகளும் ஒருசேரக் கேட்கும்போது தன் முழு அளவையும் தந்துவிடும். அவ்வேளையில்தான் வாய்க்கால் சோதிக்கப்படுகிறது.

4 சதுர மில்லிமீட்டர் பருமனுடைய செம்புக் கம்பி இரண்டு மீட்டர் நீளம் உள்ளது என்று கொள்வோம். அதில் 20 ஆம்பியர் ஓடினால் தோன்றும் வெப்பம் ஏறத்தாழ 3.5 வாட். 60 ஆம்பியர் ஓடினால் அது 31 வாட்டைத் தாண்டும். மின்னோட்டம் மும்மடங்கானால் வெப்பம் ஒன்பது மடங்காகும் என்பது விதி. காற்றுப் புகாத முகப்புப் பலகையின் பின்னே, பல கம்பிகளோடு கட்டுண்டு கிடக்கும் கம்பியில் இவ்வெப்பம் எழுந்தால் உறை உருகாமல் என்ன செய்யும்? அதே நீளத்திற்கு 16 சதுர மில்லிமீட்டர் கம்பியிட்டால் வெப்பம் 8 வாட்டிற்குள் அடங்கிவிடும்.

தோல் பதனிடும் தொழிற்கூடம் நடத்துவோர் இதனை எளிதில் உணர்வர். பழைய டிரம்முக்குப் பெரிய மோட்டாரைப் பொருத்த விரும்பினால், பெல்ட்டையும் ஸ்டார்ட்டரையும் கேபிளையும் மாற்றாமல் எவரும் மின்சாரத்தைப் பாய்ச்சத் துணிவதில்லை. மகிழுந்து சிறியது என்பதால் அவ்விதி மாறிவிடுவதில்லை.

முறையாகச் செய்ய வேண்டியவை

முதலாவது, செலவைக் குறைக்க இயலுமா என்று பார்த்தல். மழையில் மூடுபனி விளக்கும் குளிர்சாதனமும் ஒருங்கே வேண்டுமா என்று முதியவர் கேட்டபோது எம்மிடம் விடை இல்லை. செலவு அடங்கிவிட்டால் ஆல்டர்னேட்டரை மாற்ற வேண்டிய தேவையே நீங்கலாம்.

இரண்டாவது, பொருத்தும் இடம். தாங்கும் கால்களின் அகலம், சுழலும் திசை, கப்பியின் நேர்மை ஆகியவை பழையதற்கு ஒத்திருக்க வேண்டும். கப்பிகள் ஒரே கோட்டில் இல்லையேல் பெல்ட் விரைவில் பிய்ந்துபோகும். பெருவிரலால் நடுவில் அழுத்தினால் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் தாழும் அளவுக்கு இறுக்கம் போதும். 65 ஆம்பியரையும் தரும்போது ஆல்டர்னேட்டர் எஞ்சினிடமிருந்து இரண்டு குதிரைத்திறனுக்குச் சற்று மேல் எடுத்துக்கொள்ளும். 40 குதிரைத்திறன் அளவேயுள்ள பழைய டீசல் எஞ்சினுக்கு இதுவும் ஒரு சுமைதான். அதைவிடப் பெரியதற்கு ஆசைப்படுவது முறையன்று.

மூன்றாவது, டீசல் வண்டிக்கே உரிய எச்சரிக்கை. டீசல் எஞ்சினில் காற்று நுழையும் வழியில் போதிய வெற்றிடம் தோன்றாது. ஆதலால் பல டீசல் வண்டிகளில் பிரேக்குக்குத் துணைசெய்யும் வாக்குவம் பம்பை ஆல்டர்னேட்டரின் பின்புறத்திலேயே இணைத்திருப்பர். அத்தகைய வண்டியில் பம்பு இல்லாத ஆல்டர்னேட்டரைப் பொருத்தினால் விளக்கு ஒளிரும்; பிரேக்கோ கல்லாக இறுகிவிடும். கழற்றுமுன் பின்புறத்தைப் பார்த்தல் கட்டாயம்.

நான்காவது, கம்பி. ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்கு 16 சதுர மில்லிமீட்டர் கம்பி ஒன்றைத் தனியே இழுத்து, பேட்டரியை ஒட்டி 80 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றை இட வேண்டும். 30 ஆம்பியர் மட்டும் தாங்கும் பழைய ஆம்பியர் மானியின் வழியே இம்மின்னோட்டத்தைச் செலுத்தலாகாது. அதற்கு ஈடாக வோல்ட் மானி வைத்துக்கொள்ளலாம். எம் வண்டியில் தீப்பிடிக்க இருந்த இடம் இதுவே.

ஐந்தாவது, எர்த். போன மின்சாரம் திரும்பிவர எஞ்சினுக்கும் உடலுக்கும் பேட்டரிக்கும் இடையே தடித்த பட்டைகள் வேண்டும். துருவைச் சுரண்டிப் பளபளக்கும் இரும்பின்மீது இறுக்க வேண்டும். முகப்பு விளக்குகளுக்கு ரிலே வைத்து நேரே மின்சாரம் தந்தால் பழைய சுவிட்சின் சுமையும் குறையும்.

ஆறாவது, எச்சரிக்கை விளக்கு. சாவியைத் திருப்பும்போது எரியும் சிவப்பு விளக்கு வெறும் அடையாளம் அன்று. பல ஆல்டர்னேட்டர்களில் சுழலியை முதலில் காந்தமாக்கும் மின்சாரம் அதன் வழியேதான் செல்கிறது. அது பழுதானால் ஆல்டர்னேட்டர் விழிக்காமலே இருந்துவிடக்கூடும். டைனமோவிலிருந்து ஆல்டர்னேட்டருக்கு மாறுவோர், பழைய கட்-அவுட் பெட்டியின் இணைப்பை நீக்க வேண்டும். பேட்டரியின் எந்த முனை உடலோடு இணைந்துள்ளது என்பதையும் உறுதிசெய்துகொள்ள வேண்டும். முனை மாறினால் டையோடுகள் நொடியில் கருகும்.

இறுதியாக அளவிட்டுப் பார்த்தல். எஞ்சின் நிற்கையில் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். ஓடுகையில் 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும். எல்லாவற்றையும் எரியவிட்டு எஞ்சினைச் சற்று விரைவாக்கினால் 13.5-க்குக் கீழே இறங்கலாகாது. இறங்கினால் குறை இன்னும் எங்கோ ஒளிந்துள்ளது என்று பொருள்.

கைவிட வேண்டிய ஒரு பழக்கம்

எஞ்சின் ஓடும்போதே பேட்டரியின் முனையைக் கழற்றி, வண்டி நிற்கிறதா, ஓடுகிறதா என்று பார்க்கும் வழக்கம் டைனமோக் காலத்தில் தோன்றி இன்றும் சில பட்டறைகளில் நிலவுகிறது. ஆல்டர்னேட்டர் உள்ள வண்டியில் இவ்வாறு செய்தால் மின்னழுத்தம் திடீரென எகிறி, டையோடுகளும் ரெகுலேட்டரும் அழியக்கூடும். அதோடு, மின்சாரம் இல்லாமலே ஓடவல்ல பழைய டீசல் எஞ்சினில் இச்சோதனை எதையும் மெய்ப்பிப்பதுமில்லை. விலை குறைந்த ஒரு மல்டிமீட்டர், தீங்கின்றி உண்மையைச் சொல்லிவிடும்.

முடிவுரை

முதியவரின் கைப்பட்ட பின்னர் எம் வண்டி மழையிலும் இருளிலும் தடையின்றி ஓடிவருகிறது. பதினைந்து ஆண்டு கடந்த சொந்த வண்டிகளின் பதிவை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கச் செல்லும்போதும் விளக்குகள் எம்மைத் தலைகுனிய வைக்கவில்லை. அன்றிரவு பிறந்த மருமகள் இன்று பள்ளி மாணவி. அவளுக்கு அவ்வண்டியின் முன்னிருக்கையில் அமர்வதில் தனி விருப்பம்.

ஆற்றலைப் பெருக்குவோர் அது செல்லும் வழியையும் பெருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையால் பெறப்படும் கருத்து. பழைய வண்டி வைத்திருக்கும் பெரியோர் ஒரு மாலைப்பொழுதில் தாளும் எழுதுகோலும் எடுத்துத் தம் வண்டியின் வரவு செலவை எழுதிப் பார்ப்பாராக. இயற்பியல் பயிலும் நம் மாணவர்கள் அக்கணக்கில் அவர்களுக்குத் துணைநிற்பாராக. தமிழ் பயிலும் மாணவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. எம் முதியவர் ஏரி, வாய்க்கால் என்னும் இரு சொற்களால் விளக்கியதை யாம் இத்தனை பக்கங்களில் விளக்கியிருக்கிறோம். பட்டறைகளில் வழங்கும் அத்தகைய தமிழைக் கேட்டு, எழுதி, தொகுத்து வைப்பாராயின், இத்தொழில் கற்க வரும் இளைஞர்க்கு அது கைவிளக்காகும். இரவில் வேலூர் நோக்கி விரையும் ஏதோ ஒரு குடும்பத்திற்கும் அது வழித்துணையாகும்.